வலிமை எந்தக் கம்பியில் இருக்கிறது?

மலைச் சைக்கிளின் ஸ்போக் ஒன்றைத் தனியாகக் கையில் எடுத்தால் அது வெறும் 2 மில்லிமீட்டர் கம்பி. விரல்களாலேயே வளைத்துவிடலாம். ரிம்மை மட்டும் நிமிர்த்தி நிறுத்தி அதன் மேல் ஓர் ஆள் தன் பாரத்தைப் போட்டால் வட்டம் நீள்வட்டமாக நெளியும். நடுவில் இருக்கும் ஹப் உள்ளங்கையில் அடங்கும் உலோக உருளை. இந்த மூன்றும் சேர்ந்த சக்கரங்கள்தான் 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ரெட்புல் ராம்பேஜ் போட்டியில், நியூசிலாந்து வீரர் கெல்லி மெக்கேரியைத் தாங்கின. 72 அடி அகலப் பள்ளத்தை அவர் அந்தரத்தில் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தாண்டி, மறுகரையில் சைக்கிளோடு இறங்கினார்.

அத்தனை வலிமையும் அந்தச் சக்கரத்துக்குள் எங்கே இருந்தது?

தாவிக் குதித்து ஓட்டத் தொடங்கிய எவரும் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். முதல் சக்கரம் கோணிய பிறகு, கையில் இருக்கும் காசுக்கு எந்தச் சக்கரம் உறுதியானது என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு ரிம்மின் பெயரையோ ஹப்பின் பெயரையோ சொல்லுவார். வலிமை ஏதோ ஓர் உறுப்புக்குள் குடியிருக்கிறது, அந்த உறுப்பை வாங்கினால் வலிமையும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. இந்த எண்ணத்தைத்தான் இந்தியத் தத்துவ மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவித் துருவி விசாரித்தது. அதற்கு அது எடுத்துக்கொண்ட உதாரணமும் சக்கரம் பூட்டிய ஒரு வண்டிதான்.

கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலைச் சொல்லும் பாலி நூல் மிலிந்த பன்ஹா. தேரில் வந்ததாக அரசன் சொன்னதும் நாகசேனர் கேட்கத் தொடங்குகிறார். அச்சுதான் தேரா? சக்கரமா? நுகத்தடியா? எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். இவை எல்லாம் சேர்ந்தால் தேரா? அதற்கும் இல்லை. இவற்றை விட்டு வேறாக ஒரு தேர் இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்று கடைசியில் அரசனே ஒப்புக்கொள்கிறான்.

நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகள் கூடும்போது முழுமை என்ற புதுப் பொருள் ஒன்று பிறக்கிறது, அது உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றிலிருந்து வேறானது என்பது அவர்கள் கட்சி. நியாய சூத்திரம் அதற்குக் காட்டும் காரணங்களில் ஒன்று எளிமையானது, அழகானதும்கூட. ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் மொத்தப் பொருளும் கூடவே வருகிறது. முழுமை என்று ஒன்று இல்லாவிட்டால், பிடித்த பகுதி மட்டும்தானே கையோடு வர வேண்டும்? இதே முழுமைக் கொள்கையைப் பேசிய வைசேடிகம், வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்டறிந்த சமயவாதங்களில் ஒன்று. தமிழ் மண்ணுக்கும் பழக்கமான வழக்குதான் இது.

அந்த வாதிகள் கண்ட சக்கரம் மரச்சக்கரம். அதன் ஆரக்கால்கள் தூண்களைப் போலப் பாரத்தைத் தாங்கின. கம்பிச் சக்கரம் வேறு இனம். 1808இல் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், தான் கனவு கண்ட பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது, ஆரங்கள் தாங்கத் தேவையில்லை, இழுத்துப் பிடித்தால் போதும் என்று கண்டார். 1874இல் கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை ஹப்பின் விளிம்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகும்படி பூட்டிக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் மலைச் சைக்கிள் சக்கரத்தின் அடிப்படை அதுவே.

இழுவிசையின் அளவைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 100 கிலோ விசையில் விறைத்து நிற்கிறது. 32 கம்பிகளும் ரிம்மை உள்நோக்கி இழுப்பதால், ரிம்மின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே சுமார் 500 கிலோ அமுக்கவிசை இருக்கும். யாரும் ஏறி உட்காராமல் மூலையில் சாய்ந்து கிடக்கும் சக்கரத்தின் நிலைமையே இதுதான்.

ஓட்டுபவர் ஏறியதும் என்ன நடக்கிறது? ஹப் மேல் கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கலிபோர்னியப் பொறியாளர் யோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பாரம் ஏறும்போது மேல் கம்பிகளின் விறைப்பு பெரிதாகக் கூடுவதில்லை. தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் விறைப்புதான் கணிசமாகக் குறைகிறது. ஆகவே சக்கரம் தன் கீழ்க் கம்பிகளின் மேல் நிற்கிறது என்றார் அவர். கயிறுபோல் இழுக்க மட்டுமே தெரிந்த கம்பியின் மேல் எப்படி நிற்க முடியும் என்று பொறியாளர்களே அவரோடு மல்லுக்கு நின்றார்கள். கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வேலை செய்வது எது என்று எதைச் சுட்டுவது என்பதில்தான் தகராறு. நாகசேனர் அந்தச் சபையில் இருந்திருந்தால் இந்தச் சிக்கலை உடனே அடையாளம் கண்டிருப்பார்.

குதித்து ஓட்டுபவருக்கு இதில் நேரான பாடம் ஒன்று இருக்கிறது. கீழ்க் கம்பிகளில் கொஞ்சமாவது விறைப்பு மிச்சம் இருக்கும்வரை சக்கரம் சக்கரமாக இருக்கும். தரையில் மோதும் கணத்தில் அது முழுவதும் வடிந்துவிட்டால், ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க அந்த இடத்தில் எதுவும் இல்லை. சற்றே கோணலாக இறங்கியிருந்தால் சக்கரம் அப்பளமாக மடங்கும்.

சக்கரம் கட்டுபவர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 32 கம்பிகளையும் அவர் ஹப்பின் துளைகளில் கோத்து, ஒவ்வொன்றையும் மூன்று கம்பிகளைக் கடக்கவிட்டு, ரிம்மில் நிப்பிள் என்ற சிறு மரையை மாட்டி முடிக்கிறார். எல்லா உறுப்பும் சேர்ந்தாயிற்று, உருவமும் வந்தாயிற்று. ஆனால் தூக்கினால் கம்பிகள் கலகலக்கின்றன, சுண்டினால் மொத்தென்று ஒரு சத்தம். அதில் ஏறி உட்கார்ந்தால் அங்கேயே சரியும். பிறகு அவர் ஸ்போக் கீயை எடுத்து ஒவ்வொரு நிப்பிளாகக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று சுற்றிச் சுற்றி வருகிறார். ரிம் இடது பக்கம் ஒதுங்கினால் வலது கம்பியை இறுக்குகிறார், மேலே எழும்பினால் அந்த இடத்து ஜோடியை இறுக்குகிறார். கோட்டம் எடுக்க எடுக்கச் சத்தம் மாறிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் அழுத்தி நெரிக்கிறார், முறுக்கிக் கிடந்த கம்பிகள் டிங் டிங்கென்று தளர்ந்து படிகின்றன. மறுபடி ஒரு சுற்றுக் கோட்டம்.

இந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உறுப்பும் புதிதாகச் சேரவில்லை. தராசில் வைத்தால் ஒரு கிராம்கூட ஏறியிருக்காது.

7ஆம் நூற்றாண்டில் பௌத்தத் தத்துவவாதி சந்திரகீர்த்தி அதே தேரை ஏழு வழிகளில் ஆராய்ந்தார். உறுப்புகளின் வெறும் குவியல் தேரா என்பது அவற்றில் ஒன்று. உருவம்தான் தேரா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இல்லை என்றார். கோத்து முடித்து இன்னும் இறுக்காத அந்தச் சக்கரம், அவர் பக்கம் சாட்சி சொல்வதுபோல் மேசையில் கிடக்கிறது. குவியலும் உண்டு, உருவமும் உண்டு, சக்கரத்தின் வேலை மட்டும் இல்லை. நியாயவாதி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இறுக்கிய பிறகு ஒரு கம்பியைத் தொட்டால் மொத்தச் சக்கரமும் பதில் சொல்கிறது. ஒரு நிப்பிளைத் தளர்த்தினால் பக்கத்துக் கம்பிகளின் சுருதி மாறுகிறது. ஆனால் அந்தப் பதிலுக்குக் காரணமாகப் புதிய பொருள் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும் சார்புதான் வலிமை. தனியாக நிற்கும் இருப்பு எதற்கும் கிடையாது என்று சந்திரகீர்த்தி போன்ற நாகார்ஜுனர் வழியினர் சொன்னதைக் கேட்டு, அப்படியானால் எல்லாம் பொய்யா என்று பயந்தவர்கள் உண்டு. சக்கரத்தின் வலிமையும் தனித்து நிற்பதில்லை. அதனால் அது பொய்யாகிவிடவில்லை, பள்ளத்தைத் தாண்டியவரைத் தாங்கிக் காட்டியது.

இதிலிருந்து காசுக் கணக்கும் மாறுகிறது. எந்த உறுப்புக்குள்ளும் இல்லாத ஒன்றை உறுப்பாக விலைக்கு வாங்க முடியாது. விலை குறைந்த ஆலைச் சக்கரங்கள் பலவும் எந்திரத்தில் வேகமாகக் கட்டப்படுபவை. கம்பிக்குக் கம்பி விறைப்பு ஏறுமாறாக இருப்பது அவற்றில் சகஜம். அதே சக்கரத்தைக் கைத்திறன் உள்ள ஒருவரிடம் கொடுத்துச் சமமாக இறுக்கி வாங்கினால் அதன் ஆயுள் நீளும். அந்த ஒரு மணி நேரக் கூலியைப் போலப் பயன் தரும் செலவு இந்த விளையாட்டில் வேறில்லை.

அடுத்து, எதைக் கைவிடுவது என்பது. வலுவாக, இலேசாக, மலிவாக, மூன்றில் இரண்டைத் தேர்ந்துகொள் என்ற பேச்சு கீத் பான்ட்ரேகர் பெயரில் வழங்குகிறது. மலைச் சைக்கிள் பிறந்த கலிபோர்னியாவில், சாலைப் பந்தய ரிம்களை வெட்டிச் சிறிதாக்கி மலைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்தவர் அவர். குதித்து ஓட்டுபவர் விட வேண்டியது இலேசைத்தான். 28 துளை ரிம்முக்குப் பதில் 32 துளை, இன்னும் கனமான ஆளுக்கு 36. கம்பி கூடினால் மோதலைப் பங்குபோட ஆள் கூடும். நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிளால் மிச்சமாவது சக்கரத்துக்கு 20 கிராம் அளவுதான், அது அரித்து உருண்டுபோனால் கோட்டமே எடுக்க முடியாது. ரிம் அலுமினியம், உள் அகலம் 30 மில்லிமீட்டர் அளவில். அடிபட்டால் அது நசுங்கும், நசுங்கியதை ஓரளவு நிமிர்த்தி ஓட்டலாம். கார்பன் நசுங்காது, வெடிக்கும்.

கம்பி விஷயத்தில் மட்டும் பலரின் உள்ளுணர்வு தவறுகிறது. முழுக்க 2 மில்லிமீட்டர் உள்ள கம்பியைவிட, இரு முனையும் 2 மில்லிமீட்டராகவும் நடுப்பகுதி 1.8 ஆகவும் உள்ள கம்பி நீடித்து உழைக்கும். மெலிந்த நடுப்பகுதி கூடுதலாக நீண்டு கொடுப்பதால், மோதும்போது விறைப்பு சட்டென்று வடிவதில்லை. ஹப்பில் வளையும் முழங்கை இடமும் கஷ்டப்படுவதில்லை.

கம்பி முறிவதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நேற்றைய அந்தத் தாவல்தான் முறித்தது என்பார்கள். 29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 430 முறை உருளும். ஒவ்வொரு உருளலிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மறுபடி விறைக்கிறது. 1000 கிலோமீட்டரில் நாலு லட்சம் தடவைக்கு மேல். தளர்வாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு தடவையும் முழங்கை கொஞ்சம் அசைகிறது, கண்ணுக்குத் தெரியாத கீறல் கொஞ்சம் வளர்கிறது. கடைசித் தாவல் அந்த வரிசையின் கடைசி ஆள் மட்டுமே. ஒரு விளைவுக்கு ஒரே காரணத்தைத் தேடிப் பிடித்துக் குற்றம் சுமத்துவதை, எதுவும் பலவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்ற பௌத்தக் கொள்கை ஏன் மறுத்தது என்பதை இங்கே விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

இரண்டு சக்கரங்களில் பின்சக்கரத்துக்குத்தான் அடி அதிகம். பல்சக்கர அடுக்குக்கு இடம் விட்டதில் அதன் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்பதால், பக்கவாட்டுப் பிடிப்பும் குறைவு. 148 மில்லிமீட்டர் அச்சு அளவில் ஹப்பின் விளிம்புகள் விலக்கி வைக்கப்பட்டிருப்பது இதைச் சரிக்கட்டத்தான். சைக்கிள் சட்டம் இடம் கொடுத்தால் அந்த அளவே நல்லது. சிறிய சக்கரத்தில் கம்பி குட்டை, பிடிப்பு கூடுதல். மண்மேட்டுத் தாவலுக்கென்றே செய்த சைக்கிள்கள் இன்னும் 26 அங்குலத்தை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். காசு குறைவென்றால் முன்சக்கரத்தில் சிக்கனம் பிடித்துப் பின்சக்கரத்தில் போடலாம்.

நன்றாகக் கட்டினாலும், பாறையில் குதிப்பவரின் ரிம் ஒரு நாள் போகத்தான் செய்யும். ஹப் போகாது. பால்ஸும் கிரீஸும் மாற்றிக்கொண்டே இருந்தால் அது மூன்று நான்கு ரிம்களைப் பார்த்துவிடும். ரிம் மாறிய பின்னும் அது பழைய சக்கரம்தானா என்று நியாயவாதியிடம் கேட்டால், உறுப்பு மாறினால் முழுமையும் புதிது என்பார். சந்திரகீர்த்தி உலக வழக்கை மறுப்பதில்லை. ஓட்டுபவர் அதைத் தன் பழைய சக்கரம் என்று சொல்லி ஓட்டினால் அவர் தடுக்க மாட்டார். கடையில் நிற்பவருக்கு இந்த வாதத்தில் ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. புது ரிம்மில் நிப்பிள் உட்காரும் வட்டத்தின் விட்டம் பழையதோடு ஒத்துப்போனால், 32 கம்பிகளையும் கழற்றாமல் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் கம்பி முழுக்கப் புதிதாக வாங்க வேண்டிவரும். ஆகையால் சக்கரம் வாங்கும்போது அதன் விலையோடு, அதன் ரிம் தனியாகவும் விற்பனைக்குக் கிடைக்கிறதா, இரண்டு வருஷம் கழித்தும் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.