முரசும் மனச்சாட்சியும்

வாளும் வேலும் எதிரியின் உடலை வீழ்த்துவதற்கு. முரசு, வீழ்த்தத் தயங்கும் நம் மனத்தைக் கிளப்பி விடுவதற்கு. பழைய போர்க்களத்துக்கு இருந்த இந்த நியதி, இன்று பிள்ளைகளும் பெரியவர்களும் திரைமுன் அமர்ந்து ஆடுகிற வீடியோ கேம்களிலும் மாறவில்லை.

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. களத்து முரசு இரு தரப்பாரின் காதிலும் விழுந்தது. விளையாட்டில் முழங்கும் இசையோ ஆடுகிறவனுக்காகவே முழங்குகிறது; திரைக்குள் வெட்டுண்டு விழுகிறவனுக்கு அதில் பங்கில்லை.

1978-ல் ஜப்பானியரான டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், இசை என்று சொல்லத்தக்கவை நான்கே ஸ்வரங்கள். அவை இறங்கு வரிசையில் ஓயாமல் ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய, எஞ்சியவர்கள் வேகமாக நகர்வார்கள், ஸ்வரங்களும் விரையும், ஆடுகிறவனின் நெஞ்சும் படபடக்கும். 1987-ல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி'க்கு நோபுவோ உவேமட்சு இசையமைத்தார். சண்டை தொடங்கியதும் ஓர் இசை; வென்றதும் ஒரு வெற்றி முழக்கம். அந்த முழக்கத்தைக் கேட்டபின், 'இவனை ஏன் கொன்றோம்?' என்று எவனுக்குக் கேட்கத் தோன்றும்?

இசைக்கு வாதம் செய்யத் தெரியாது. தீர்ப்புச் சொல்ல மட்டும் தெரியும். அறிவு காரணம் கேட்பதற்கு முன்பே அது நெஞ்சிடம் சம்மதம் வாங்கி விடுகிறது. இதில்தான் எனக்கு அச்சம்.

இதே இசையைக் கொண்டு மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிய கலைஞரும் உண்டு. 2005-ல் ஃபுமிடோ உவேடாவின் படைப்பாக 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' வெளிவந்தது. இறந்துபோன ஒரு பெண்ணின் உயிரை மீட்க, ஓர் இளைஞன் 16 பூத உருவங்களைக் கொல்ல வேண்டும். வெட்டவெளியில் அவன் குதிரையில் போகும்போது பெரும்பாலும் குளம்பொலியும் காற்றின் ஓசையுந்தான். பூதத்தை எதிர்ப்பட்டதும் இசை எழுகிறது. அதன் உடல்மீது ஏறும்போது இசையும் வீராவேசமாக ஓங்குகிறது. கடைசியில் அது மண்ணில் சாய்கிறது. அப்போது கேட்பது வெற்றி முழக்கமல்ல, ஒப்பாரி!

பதின்மூன்றாவது பூதம் பாலைவெளியில் வானளாவப் பறக்கிறது. அது கடைசிவரை நம்மைத் தாக்குவதே இல்லை. அம்பெய்து அதைத் தாழ இறக்கி, அதன் முதுகில் ஏறிக் குத்துகிறோம். அதற்கும் அதே சோக இசைதான். இசையமைத்த கோ ஓட்டானி, வீரத்துக்குக் கொடுத்த கூலியை அடுத்த கணமே பிடுங்கிக் கொள்கிறார்.

"திரையில் விழுவது வெறும் பொம்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அங்கே ஒரு சொட்டு ரத்தமும் சிந்துவதில்லை. ஆனால், முழக்கம் கேட்டதும் நியாயம் நம் பக்கமே என்று நம்பும் வழக்கம் பொம்மையோடு நின்று விடுகிறதா? ஊர்வலத்து மேளத்திலும், அரசியல் மேடைகளின் ஒலிபெருக்கியிலும், சினிமாச் சண்டைக் காட்சியிலும் இதே வித்தைதான் நம்மை ஆட்டி வைக்கிறது.

பல விளையாட்டுகளில் இசையை மட்டும் நிறுத்தி வைக்க வழியுண்டு. ஒருமுறை நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்கள். அடியின் ஓசையும் விழுகிறவனின் அலறலுமே மிஞ்சும். அந்த ஓசைகளுக்கு நடுவிலும் கை துணிகிறதென்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். துணியவில்லை என்றால், அதுவரை போர் செய்தது நாமல்ல, முரசுதான்.