மணலும் பாதையும்

எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதே நியாயம் என்று பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையா?

மாற்றுத்திறனாளிகள் அலைகளின் அருகே செல்வதற்கென்று சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். சில நாட்களிலேயே, நன்கு நடக்கக்கூடியவர்களும் அதில் திரண்டனர். ‘பொதுப் பணத்தில் அமைந்ததுதானே!’ என்று வாதிடலாம்.

ஆனால் கால்களில் வலுவுள்ளவருக்குக் கடற்கரை முழுவதுமே பாதை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அந்த 3 மீட்டர் மட்டுமே. அதை அவருக்கு விடுவது சலுகையன்று, நீதி.

அங்கு நடந்து வரும் ஒருவரிடம், ‘உமக்கென்ன குறை?’ என்று கேட்பதும் பண்பன்று. எல்லாக் குறைகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் கேட்க வேண்டியது நம்மையே: ‘இப்பாதை இல்லாவிடினும் என்னால் அலைகளை அடைய முடியுமா?’ முடியுமெனில், மணலில் இறங்கி நடப்பதே தர்மம்.