பொய்யின் வாய்மை: பாரதக் கூத்தின் அரங்கப் பொருள்களும் செய்வோர் அறமும்

முன்னுரை

கலைக்கும் வாய்மைக்கும் உள்ள உறவு பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் புலவனையும் நடிகனையும் மையமிட்டே அமைந்துள்ளன. அரங்கில் இடம்பெறும் முடி, வாள், தேர், மரம் ஆகியவற்றைச் செய்து தருவோர் அவ்வாராய்ச்சிகளில் இடம்பெறுவது அரிது. மரத்தைப் பொன்னாகவும், களிமண்ணை உடலாகவும், சிவந்த நீரைக் குருதியாகவும் காட்டுவதே அவர்தம் தொழில். பொய்த்தோற்றத்தையே தொழிலாகக் கொண்டோர்க்கு வாய்மை என்பது யாது? அவர்தம் பொறுப்பு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது? இவ்வினாக்களை, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் வட்டாரத்தையும் அதனை அடுத்த தொண்டை மண்டலத்தையும் இணைக்கும் பாரத விழாவின் அரங்கப் பொருள்களை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டாரமும் விழாவும்

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவாக்கப்பட்டபோது அதன் பெரும்பகுதி பழைய வடஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960-இல் எல்லைத் திருத்தம் நிகழ்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிய போதிலும் திரௌபதி அம்மன், தருமராசர் கோயில்களை ஒட்டிய பாரத விழா தமிழ், தெலுங்கு ஆகிய இருமொழி மக்களுக்கும் பொதுவாகவே நிலைத்துள்ளது. பகலில் பாரதக் கதை விரித்துரைக்கப்படும்; இரவில் கூத்து நிகழும். தமிழகப் பகுதியில் தெருக்கூத்து, கட்டைக்கூத்து என வழங்குவதும் சித்தூர்ப் பகுதியில் வீதி நாடகம் என வழங்குவதும் ஒப்பனையிலும் ஆட்டமுறையிலும் நெருங்கிய உறவுடையன. இவ்விழாவில் பயன்படும் பொருள்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கன.

மூன்று பொருள்கள்

முதலாவது, கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மர அணிகளைக் கூத்தர் இப்பெயரால் சுட்டுவர். எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லுகளும் மினுங்கும் தாள்களும் ஒட்டி இவற்றைச் செய்வர். இரவின் விளக்கொளி அச்சில்லுகளில் பட்டுச் சிதறும்போது மரம் மன்னனின் மணிமுடியாகிறது. 1990-இல் காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு கூத்துக் கலைஞர்கள் அமைத்த சங்கம் கட்டைக்கூத்து என்னும் பெயரையே ஏற்றது. ஒரு நாடக மரபு தன் அரங்கப் பொருளின் பெயரால் வழங்கப்படுவது நோக்கத்தக்கது.

இரண்டாவது, துரியோதனன் மண்ணுருவம். படுகள நாளன்று திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் பேருருவாக இது வனையப்படும். அதன் தொடைப்பகுதியில் சிவப்பு நீர் நிறைந்த கலம் வைக்கப்படும். வீமன் வேடம் பூண்டவர் அடித்ததும் அது உடையும். திரௌபதி கூந்தல் முடிக்கும் சடங்கு அதனைத் தொடரும். சில ஊர்களில் மக்கள் அம்மண்ணை வளம் தருவதாக எண்ணி வீட்டிற்கு எடுத்துச் செல்வர். அழிவதற்கென்றே செய்யப்படும் பொருள் இது.

மூன்றாவது, தபசு மரம். அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் செய்யச் செல்லும் உயரத்தைக் குறிக்க நடப்படும் நெடிய கம்பம் இது. அருச்சுனன் வேடதாரி பாடியவாறே படிப்படியாக அதன்மீது ஏறுவார். குழந்தைப்பேறு வேண்டுவோர் கீழே காத்திருப்பர். இக்கம்பம் மலையன்று, ஆயினும் ஏறுபவரின் உடல் மெய், உயரமும் மெய்.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

தொல்காப்பிய அகத்திணையியல், நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் இணைந்த இடத்தில் புலனெறி வழக்கத்தை நிறுத்துகிறது. செய்யுளுக்குக் கூறப்பட்ட இப்பாகுபாட்டை அரங்கப் பொருளுக்கும் விரித்துக் காணலாம். தபசு மரம் பார்ப்பவர் கண்ணுக்கு நாடக வழக்கால் மலையாகிறது. ஏறுபவர் காலுக்கு உலகியல் வழக்கால் மரமாகவே நிற்கிறது. ஒரு படி இற்றுப்போனால் வீழ்வது அருச்சுனன் அல்லன். அவ்வேடம் பூண்ட மனிதனே. கட்டையும் அத்தகையதே. பொன்போல் தோன்ற வேண்டும். ஆனால் பொன்னின் எடை கூடாது. இரவு முழுதும் சுழன்றாடும் தோளை அது வருத்தலாகாது.

ஆகாரிய அபிநயத்தை விளக்கும் நாட்டிய சாத்திரமும் இதனை உணர்ந்துள்ளது. செய்பொருள்களைப் புஸ்தம் எனப் பெயரிட்டு மூவகைப்படுத்தும் அந்நூல், படைக்கலங்கள் எடை குறைந்த பொருள்களால் அமைய வேண்டும் என்றும், மேடையில் மெய்யாகத் தாக்குதல் கூடாது என்றும் விதிக்கிறது. அழகியல் விதியாகத் தோன்றும் இவ்விதி, அடிப்படையில் ஓர் அறவிதியாகும்.

பிளேட்டோ தம் குடியரசு நூலின் பத்தாம் பகுதியில் கட்டிலைச் செய்யும் தச்சனையும் அதனை வரையும் ஓவியனையும் வேறுபடுத்தி, ஓவியனை உண்மைக்குத் தொலைவில் நிறுத்துகிறார். அரங்கப் பொருள் செய்வோர் இவ்வரிசையில் எங்கும் அடங்குவதில்லை. அவர் செய்யும் கட்டில் போலி. எனினும் அதில் படுக்கும் நடிகரை அது தாங்கியாக வேண்டும். அவர் ஒரே வேளையில் தச்சனும் ஓவியனும் ஆகிறார். எனவே, உண்மையிலிருந்து அவர் எத்துணைத் தொலைவில் உள்ளார் என்பதைக் காட்டிலும், எந்த உண்மைக்கு அவர் கடமைப்பட்டுள்ளார் என்பதே பொருத்தமான வினாவாகும்.

தீமை பயவாமை

திருக்குறளின் வாய்மை அதிகாரம், தீமை பயவாத சொல்லையே வாய்மையென வரையறுத்து, குற்றமற்ற நன்மை தரும் பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தை அளிக்கிறது. அவ்வதிகாரம் சொல்லைப் பற்றியதேயன்றிப் பொருளைப் பற்றியதன்று என மறுக்கலாம். ஆயின் அரங்கப் பொருளும் ஒன்றைச் சொல்கிறது. ‘இது வாள்’ எனக் கண்ணுக்கு உரைக்கிறது. அவ்வுரையைப் பொய்யெனத் தெரிந்தே காண்போர் ஏற்கின்றனர். இவ்வுடன்பாடு உள்ளவரை அங்கு வஞ்சனை இல்லை.

உடன்பாட்டு எல்லையைப் பொருள் கடக்கும்போதே சிக்கல் எழுகிறது. படப்பிடிப்புக்கெனச் செய்யப்படும் பணத்தாள் கடைவீதிக்கு வந்தால் அது கள்ளநோட்டாகிறது. ஏமாற்றத்தக்க அளவுக்குப் பணத்தாளை ஒத்த ஆவணத்தைச் செய்வதையே, 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முந்தைய தண்டனைச் சட்டத்திலும் இத்தகைய விதி இருந்தது. தாளைச் செய்தவரின் எண்ணம் தூயதாக இருப்பது மட்டும் போதாது. அது அரங்கிற்கு வெளியே சென்றாலும் எவரையும் ஏமாற்றாதவாறு செய்தலும் அவர் கடமையாகிறது.

இதனினும் கொடிய எடுத்துக்காட்டு ‘தி குரோ’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் படப்பிடிப்பில் 1993 மார்ச் 31-இல் நிகழ்ந்தது. அண்மைக் காட்சி ஒன்றுக்காக மெய்யான தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை அகற்றிப் போலித் தோட்டாக்கள் உருவாக்கப்பட்டன. மருந்து நீக்கப்பட்டது, ஆனால் தீப்பற்றவைக்கும் அடிப்பகுதி நீக்கப்படவில்லை. அதன் விசையால் ஈயக்குண்டு ஒன்று குழலுக்குள் சென்று தங்கியது. பின்னர் அதே துப்பாக்கியில் ஒலிக்காக மட்டும் வெற்றுவேட்டு வெடிக்கப்பட்டபோது அக்குண்டு வெளிப்பட்டு நடிகர் பிராண்டன் லீயின் உயிரைப் பறித்தது. அங்கு நேர்ந்த தவறு பொய் சொன்னமை அன்று. பொய்யை முழுமையாகப் பொய்யாக்காமல் அதனுள் மெய்யின் எச்சத்தை விட்டுவைத்தமையே ஆகும்.

தபசு மரத்தில் போலி இருத்தல் ஆகாது. தோட்டாவில் மெய் இருத்தல் ஆகாது. இரண்டும் முரண்போல் தோன்றினும் விதி ஒன்றே: மற்றொருவர் உடல் எதனை நம்பி நிற்கிறதோ அதில் பொய் கூடாது. ஏறுபவர் உறுதியை நம்புகிறார். சுடப்படுபவர் வெறுமையை நம்புகிறார்.

பெயரின்மையும் பொறுப்பும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களைத் தனித்தனியே கூறுகிறது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என அளவும் தருகிறது. பகைமன்னரின் வெண்குடைக் காம்பால் செய்து மணியும் பொன்னும் பதித்த தலைக்கோலையும் சிறப்பிக்கிறது. ஆனால் அதனைச் செய்தவர்க்கு அங்குத் தனி இலக்கணம் இல்லை. அக்காப்பியத்தில் பொருள்செய் வினைஞன் ஒருவன் முதன்மை பெறுவது மதுரையில்தான். அவன் கோவலன்மீது பழி சுமத்திய பொற்கொல்லன். அவன் பொய்த்தது தொழிலால் அன்று, சொல்லால். ஆயினும் அணி பற்றிய அவனது அறிவே அச்சொல்லுக்கு மன்னனிடம் வலிமை தந்தது எனலாம்.

நன்கு செய்தவர் பெயரின்றி மறைவதும், தீங்கு நேர்ந்தபோது மட்டும் செய்தவரைத் தேடுவதும் இன்றைய மேடைக்கும் திரைக்கும் பொதுவான நிலையாகும். அரங்கப் பொருளின் வெற்றி, செய்தவரை மறக்கச் செய்வதில் உள்ளது. ஆதலின் இப்பெயரின்மை ஓரளவு தொழிலின் இயல்பே. படுகளத்தில் மண்ணுருவம் சிதையும்போது அதனை வனைந்த கை நினைக்கப்படுவதில்லை. எனினும் காட்சிக்குள் மறக்கப்படுவது வேறு. கூலியிலும் பதிவிலும் மறக்கப்படுவது வேறு. முன்னது கலை, பின்னது அநீதி. பொறுப்பைத் தனியே சுமக்கும் ஒருவர்க்கு, பொருள் உறுதியற்றது எனக் கருதும்போது ‘இதில் ஏறக்கூடாது’ என மறுக்கும் அதிகாரமும் உரியதாதல் வேண்டும். அவ்வதிகாரத்தை மறுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் சுமத்துதல் அறமாகாது.

முடிவுரை

அரங்கப் பொருள் செய்வோரின் வாய்மை, பொருள் மெய்யாக இருப்பதிலோ மெய்போல் தோன்றுவதிலோ மட்டும் அடங்குவதன்று. காண்போர் உடன்பட்ட இடத்தில் பொய்யும், நடிப்போர் உடலைத் தரும் இடத்தில் மெய்யும் பிறழாது நிற்பதே அவ்வாய்மை எனப் புலனாகின்றது. தபசு மரத்தில் ஏறும் கூத்தர் ஒவ்வொரு படியிலும் கால் வைக்கும்போது, தெய்வத்தின்மீது கொண்ட நம்பிக்கையோடு, படியை அறைந்த தச்சர்மீது கொண்ட நம்பிக்கையும் அங்குச் செயற்படுகிறது. கூத்தாய்வுகள் முன்னதை விரிவாகப் பதிவு செய்துள்ளன. பின்னதும் ஆய்வுக்குரியதே.