விதி என்று சொல்ல யாருக்கு உரிமை?

மரணம் நிகழ்ந்த வீட்டில் பேசப்படும் சொற்கள் எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. "அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்கிறோம், "ஆண்டவன் எழுதியதை யாரால் அழிக்க முடியும்?" என்கிறோம். 'கத்ர்' என்றும் 'நஸீபு' என்றும் நம்மிடையே வழங்கும் சொற்கள் அந்த நேரத்தில் பெரிய ஆறுதல். மகனைப் பறிகொடுத்த தாயிடமிருந்து அந்த ஆறுதலைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே சொல்லை, அந்த மகனை வேலைக்கு வைத்திருந்தவர் சொன்னால் அதற்கு அதே பொருள்தானா? இந்த ஒரு வினாவைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டு மே முதல் நாள், உலகெங்கும் தொழிலாளர் தினம் கொண்டாடப்பட்ட அன்று காலை, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியை அடுத்த ஆவியூர்ப் பகுதியில் ஒரு கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்துச் சிதறியது. வெடிபொருள்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த வேளை அது. மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறி மாண்டனர். சுற்றுவட்டக் கிராமங்களில் வீடுகள் அதிர்ந்தன. குவாரியை மூட வேண்டும் என்று மக்கள் மறியலில் அமர்ந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், அதே காரியாபட்டிக்கு அருகில் வடகரையில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து உயிர்களைக் குடித்தது.

வெடிமருந்து இல்லாத இடத்திலும் கதை மாறவில்லை. 2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில், ஏறத்தாழ 300 அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர், நால்வர் இறந்தனர். பல நாள் தேடலுக்குப் பின்னரே கடைசி உடல் கிடைத்தது. 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியை அடுத்த மல்லாக்கோட்டையில் மீண்டும் பாறைச் சரிவு. ஐந்து பேருக்குக் குறையாமல் பலி.

இவை அனைத்தையும் நாம் 'விபத்து' என்றே குறிப்பிடுகிறோம். எதிர்பாராமல் நேர்வது என்பதே அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள். உண்மையில் இவை எதிர்பாராதவைதானா?

திறந்தவெளிக் குவாரியைச் செங்குத்தாக வெட்டலாகாது, படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், ஒவ்வொரு படியின் அகலமும் அதன் உயரத்துக்குக் குறையலாகாது என்று 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைகளே விதித்திருந்தன. வெடிபொருளையும் அதைத் தூண்டும் டெட்டனேட்டரையும் ஒன்றாக வைத்திருக்கலாகாது என்பது வெடிமருந்துத் தொழிலின் அரிச்சுவடி. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கலாகாது என்பவை சிவகாசி வட்டாரத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்தவை. இந்த விதிகள் அலுவலக மேசையில் கற்பனையாகப் பிறந்தவையல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் முன்னரே எங்கோ மாண்டுபோன மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே இன்ன தவறு நடந்தால் இன்ன சாவு நேரும் என்பது எழுதி வைக்கப்பட்ட செய்தி. எழுதி வைத்த பின்னும் நேர்வதை எதிர்பாராதது என்று எவ்வாறு கூறுவது?

விதிகள் ஏன் மீறப்படுகின்றன என்றால், அவற்றைக் கடைப்பிடிக்கச் செலவாகிறது. படி விட்டு வெட்டினால் கல் குறைவாகக் கிடைக்கும். டெட்டனேட்டருக்குத் தனி வண்டி என்றால் இரண்டு நடை வாடகை. தீபாவளி நெருங்குகையில் அறைக்கு நால்வர் என்றால் ஆர்டர் முடியாது. மிச்சமாகும் பணம் ஒருவர் பைக்குச் செல்கிறது. அந்த மிச்சத்துக்காக எழும் ஆபத்து வேறொருவர் தலைமேல் நிற்கிறது. தன் உயிரைப் பணயம் வைத்துப் பொருள் தேடுபவனைத் துணிந்தவன் எனலாம். பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தேடுபவனை அப்பெயரால் அழைக்க முடியாது. அறநூலார் முன் நிற்கும் வினா இதுவே.

இதற்கு மூன்று சமாதானங்கள் வழக்கமாகக் கூறப்படுகின்றன.

முதலாவது, "ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தான்?" என்பது. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சோளமும் பருத்தியும் இல்லை. பட்டினிக்கும் குவாரிக்கும் இடையே நிறுத்தப்பட்டவன் குவாரியைத் தேர்ந்தெடுத்தால், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமா? வெள்ளத்தில் போகிறவன் கையில் அகப்பட்ட முள்மரத்தைப் பற்றுகிறான். அவன் முள்ளை விரும்பினான் என்று நாம் சொல்வதில்லையே.

இரண்டாவது, "அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம்" என்பது. சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். களைத்த கை நழுவும். பழகிய கண் அசட்டையாகும். மனிதன் தவறு செய்வான் என்பதை அறிந்தே பாதுகாப்பு அமைக்கப்பட வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அது ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்டதேயாயினும், இங்கே ஒரு நல்ல எல்லை வகுத்தது. தொழிலாளி வேண்டுமென்றே கட்டளையை மீறியதைக் காட்டிச் சில காயங்களுக்கான இழப்பீட்டை முதலாளி மறுக்கலாம். ஆனால் சாவு நேர்ந்துவிட்டால் அந்த வாதம் செல்லாது. இறந்தவன் திரும்பி வந்து தன் பக்கத்தைச் சொல்ல இயலாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

மூன்றாவது, "நஷ்டஈடு கொடுத்தாகிவிட்டது" என்பது. இதுவே நம்மை அதிகம் சிந்திக்கச் செய்ய வேண்டியது. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னும், அரசு மருத்துவமனைப் பிணவறையின் முன்னால் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருக்கும் செய்தியைப் படிக்கிறோம். மையித்தை விரைந்து அடக்கம் செய்ய வேண்டும் என்று கற்றவர்கள் நாம். அக்காட்சி நமக்கு மனவேதனை தருகிறது. "பிணத்தை வைத்துப் பேரம் பேசுகிறார்களே" என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் அந்த ஏழைகளின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். உடலை அடக்கிவிட்டால் மறுநாள் தங்கள் குரலை எவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. இறந்தவனின் உடல் ஒன்றே அவர்களிடம் எஞ்சிய பிணை. நாம் வெட்கப்பட வேண்டியது அவர்களது பேரத்துக்காக அல்ல. வேறு வழியை அவர்களுக்குத் திறந்து வைக்காத சமூகத்துக்காக.

சாவுக்கான இழப்பீட்டை முதலாளி நேரே குடும்பத்தாரிடம் கொடுத்து முடித்துக்கொள்ளலாகாது, அதற்கென அமைந்த ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்று அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. துக்கத்தில் இருப்பவரிடம் குறைந்த தொகைக்குக் கையொப்பம் வாங்கிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்தக் காப்பு அதிலும் தொடர்கிறது. 1986இல் டில்லி ஆலை ஒன்றிலிருந்து நச்சு வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துவோர் எந்தச் சாக்கும் கூறாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும், ஈட்டுத்தொகை அந்நிறுவனத்தின் வசதிக்கேற்ப அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சில இலட்சம் ரூபாய் என்பது கல் விலையோடு கூட்டிக்கொள்ளும் இன்னொரு செலவாகிவிட்டால் எவரும் திருந்தமாட்டார்கள் என்ற எண்ணம் அதனுள் இருக்கிறது. ஈட்டுத்தொகை விதவையின் ஹக்கு. அதைக் கொடுத்ததனால் மாத்திரம் கொடுத்தவரின் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை.

ஓசையின்றி நிகழும் சாவும் உண்டு. கல் துளைக்கும்போதும் கிரஷரில் உடைக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து இறுகி, சிலிகோசிஸ் என்னும் நோயாகிறது. அதற்குத் தீர்வான மருந்து இல்லை. துளைக்கும்போது தண்ணீர் விட்டால் தூசியின் பெரும்பகுதி அடங்கும். ஆயினும் பல ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறி இறப்பவனை எந்தப் பத்திரிகையும் விபத்துப் பட்டியலில் சேர்ப்பதில்லை. காசநோய் என்று எழுதி முடித்துவிடுவதும் உண்டு.

இனி விதிக்கு வருவோம். மழை ஆண்டவன் கையில் என்று நம்பும் விவசாயி, அதனால் கண்மாய்க் கரையை அடைக்காமல் விடுவதில்லை. செல்வம் அவன் தருவது என்று சொல்லும் வணிகர், கடையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை. தம் இரும்புப் பெட்டிக்குப் பூட்டுப் போடும்போது நினைவுக்கு வராத விதி, தொழிலாளியின் தலைக்கவசத்துக்குப் பணம் கொடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருமானால், அது நம்பிக்கையன்று, கஞ்சத்தனம். செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்தவருக்கே விதியைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு. இழந்தவர் அதைச் சொன்னால் சபூர். காக்கக் கடமைப்பட்டவர் சொன்னால் தட்டிக்கழித்தல்.

"நாம் குவாரி நடத்தவில்லையே" என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். ஆவியூர்ப் பக்கத்து ஜல்லியும், பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும், துலுக்கப்பட்டியில் உருவாகும் சிமெண்டும் எங்கே போய்ச் சேருகின்றன? நம் வீடுகளிலும் கடைகளிலும் மதரஸாக்களிலும்தான். லோடுக்கு நூறு ரூபாய் குறைவு என்றால் எங்கிருந்து, எப்படி என்று கேளாமல் வாங்கிக்கொள்கிறோம். அந்த நூறு ரூபாய் எவருடைய பாதுகாப்பிலிருந்து கழிக்கப்பட்டது என்று ஒருமுறையேனும் கேட்பது நமக்குக் கடமையாகும்.

அதைவிட அருகிலும் ஒரு கடமை உண்டு. ரமலான் நெருங்கும்போது பல ஊர்களில் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். மினாராவின் உச்சிக்குச் சாரம் கட்டி ஒருவர் ஏறுகிறார். பல இடங்களில் அவர் இடுப்பில் கயிறு இருப்பதில்லை. கூலியைப் பேசி முடித்த ஜமாஅத்தார் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசினார்களா? இடுப்புப் பட்டையும் கயிறும் வாங்க ஆகும் பணம் மிகச் சொற்பம். அதை வாங்கிக் கொடுத்த பிறகு, அவர் நலமாக இறங்க வேண்டும் என்று துஆச் செய்வோம்.