ஆநிரை காத்தலும் அறமே

சைவ சமயம் உயிரைப் பசு என்றும், அதனை ஆளும் இறைவனைப் பசுபதி என்றும் அழைக்கின்றது. நாம் அணியும் திருநீறும், அபிஷேகத்துக்குரிய ஆனைந்தும் பசு தருபவையே. அப்பசு வாழ்வது புல்லினால். எனவே மேய்ச்சல்தரையைப் பேணுவதும் சிவதொண்டாகும்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே சேய்ஞலூர் விசாரசருமரின் வரலாற்றைக் கூறுகின்றார். ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு மனம் வருந்திய அவர், ஊரவரின் சம்மதத்துடன் பசுக்களை மேய்க்கும் பணியை ஏற்றார். மண்ணியாற்றங்கரையில் புல் வளமான இடங்களுக்கு ஓட்டிச் சென்றார், நல்ல துறையில் நீரூட்டினார், நிழலில் இளைப்பாற்றினார். பசுக்கள் செழித்துப் பால் பொழிந்தன. அவரே சண்டேசுர நாயனாராய்ச் சிவாலயங்களில் எழுந்தருளியிருக்கின்றார். பசுக்கள் பலருடையவை, அவற்றைக் காக்கும் பொறுப்போ ஊர் கூடி ஒப்படைத்தது. இதுவே நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

பொதுத் தரையிலே ஒவ்வொருவரும் தம் மாடுகளை மட்டும் பெருக்க எண்ணினால் புல் அழியும், அனைவரும் இழப்பர். இந்த ஆசைக்கு மருந்து, கூடி வகுக்கும் கட்டுப்பாடே. சுவிற்சர்லாந்தின் தோர்பெல் கிராமத்தார் 1517 இல் ஒரு விதி செய்தனர். குளிர்காலத்தில் தம் தீவனத்தால் காப்பாற்றக்கூடிய மாடுகளை மட்டுமே ஒருவர் பொது மலைக்கு அனுப்பலாம் என்பது அவ்விதி. இத்தகைய ஊர்க்கட்டுப்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இராஜஸ்தானிலோ தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட 'ஓரண்' தரைகளில் ஆநிரை மேயலாம். பச்சை மரத்திலே கோடரி படலாகாது. அங்கே பக்தியே வேலியாயிற்று.

நம் நாட்டிலும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாள் தீர்மானிக்கப்படுகின்றது. பயிரும் பிழைக்க, பசுவும் பிழைக்க முன்னோர் கண்ட வழி இது. ஆனால் அகற்றிய மாடுகளுக்குப் போக்கிடம் வேண்டாமா? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளைக் காக்கக் கோரிப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியது இக்கேள்வியினாலேயே.

சிவலிங்கத் திருமேனியில் பால் சொரியும்போது, அந்தப் பாலைத் தந்த புற்றரையையும் நினைத்தல் வேண்டும். அதனை உழுது அபகரியாதிருத்தலும், அளவுக்கு மேல் மேய்க்காதிருத்தலும், ஊர் கூடி வகுத்த ஒழுங்கை மீறாதிருத்தலும் பசுபதிக்குச் செய்யும் வழிபாடே. அவ்வழி நிற்க எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக!