ஒப்புதல் என்னும் பூட்டு

'சுமங்கலி!' - கேட்பதற்கு எவ்வளவு இனிய சொல்! மஞ்சளும் மாலையும், மேளமும் மணவறையும் கண்முன்னே தோன்றும். ஆனால், சென்ற நூற்றாண்டின் இறுதியிலே, கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில், அது ஒரு திட்டத்தின் பெயராயிற்று. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணை மூன்றாண்டுக் காலம் ஆலை விடுதியிலே வைத்து வேலை வாங்குவது. முடிவிலே, 'இதோ உன் திருமணப் பணம்' என்று ஒரு தொகையை மொத்தமாகத் தருவதாக வாக்களிப்பது. இதுதான் திட்டம்! விடுதியை விட்டுத் தனியே வெளியேறத் தடை. தாயோடு பேசுவதற்கும் கட்டுப்பாடு. மூன்றாண்டு முடியுமுன் நோயுற்றுத் திரும்பினால், பேசிய தொகை கைக்கு வராது போவதும் உண்டு. பெயர் பல இடங்களிலே மறைந்துவிட்டது. தரகரின் பேச்சு மறையவில்லை.

'இது மனித வணிகம்' என்று நாம் சொன்னால், மாற்றார் சிரிக்கின்றனர். "யார் இழுத்து வந்தார்? தந்தை கையொப்பமிட்டார், மகள் தலையசைத்தாள். விரும்பி வந்தவளைக் கடத்தப்பட்டவள் என்பதா?" என்று கேட்கின்றனர். கேள்வியைத் தட்டிக் கழிக்க வேண்டாம், தோழர்களே! பகுத்தறிவாளர் கேள்விக்கு அஞ்சுபவரல்லர். ஒப்புதல் என்பது எப்போது உண்மையான ஒப்புதல் ஆகிறது?

வழி இரண்டு இருந்து, ஒன்றை எடுப்பது தேர்வு. ஒரே வழிதான் உண்டு, மறுபுறம் பசி என்றால், அது தேர்வா? அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982-இல் உச்சநீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க நேர்ந்தால் அதுவும் கட்டாய உழைப்பே, வறுமையின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்று தீர்ப்பளித்தது. சாட்டை முதுகிலே விழுந்தால்தான் கட்டாயமென்பதில்லை. வயிற்றுக்குள்ளேயும் சாட்டை உண்டு! 2013-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டமும், அதன் இடத்திலே 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், மனித வணிகக் குற்றத்தைத் தீர்மானிக்கையில் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலைக் கணக்கில் கொள்வதில்லை.

"அப்படியானால், ஏழையின் சொல்லுக்கு மதிப்பே இல்லையா? அவளுக்காக நீங்கள் முடிவு செய்வீர்களா?" என்று இன்னும் கூரிய கேள்வி ஒன்று எழக்கூடும். இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'ஆலைக்குப் போகாதே, வீட்டிலேயே கிட' என்று பெண்ணைத் தடுப்பது விடுதலை ஆகாது. வீட்டுச் சிறையும் சிறைதான்! உழைத்துச் சம்பாதிக்க அவள் விரும்புவது குற்றமன்று, பெருமை. அவள் செல்லும் பாதையை அடைக்க வேண்டாம், அதிலே விளக்கேற்றுவோம். என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்த விடுதி என்பதை முன்பே அறிந்து கொடுத்ததா? வேண்டாமென்றால் திரும்பிவர இயலுமா? இந்த இரண்டும் இருந்தால் அது ஒப்புதல். இல்லையேல், அது பூட்டு!

பொட்டுக்கட்டிய காலத்திலும் 'அது அவர்கள் குலவழக்கம், விரும்பித்தான் செய்கின்றனர்' என்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மக்கள் மேடைகளிலே முழங்கினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் பிறந்தது. சட்டம் ஒரு கை; மக்களின் விழிப்பு மறு கை. இரு கையும் சேர்ந்தபோதுதான் ஓசை எழுந்தது.

கடத்துபவன் கறுப்புக் கண்ணாடி அணிந்த அயலான் என்று திரைப்படம் காட்டுகிறது. வரலாறு வேறு சொல்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும், மலாயா ரப்பர்க் காட்டிற்கும் நம்மவரை அழைத்துச் சென்ற கங்காணி யார்? பெரும்பாலும் அதே ஊரான். பல வேளைகளில் உறவினன். இன்றைய தரகரும் 'மாமா', 'அக்கா' என்று அழைக்கப்படுபவரே. ஊருக்குள்ளே நம்பிக்கையை முதலாக்கி நடக்கும் வணிகத்தைக் காவலர் மட்டும் தடுக்க முடியுமா? ஊரே கண்விழிக்க வேண்டும்.

எப்படி? வகுப்பறையிலே ஓர் இருக்கை வெறுமையானால், ஆசிரியர் அன்றே வீடு தேடிச் செல்லட்டும். மகளிர் சுயஉதவிக் குழு, தரகரின் முன்பணம் நுழையுமுன் கடனுதவி தரட்டும். மே நாளிலும் குடியரசு நாளிலும் கூடும் கிராமசபையிலே, யார், எங்கே, எந்தக் கூலிக்குச் சென்றுள்ளனர் என்ற பதிவேட்டை வைக்கட்டும். திரும்பி வந்த பெண்ணை ஊர் தூற்றாமல், அவளையே ஆசிரியையாக்கிப் பேசச் சொல்லட்டும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமைக் கடன் செல்லாது என்பதையும், குழந்தைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண் உண்டு என்பதையும் சுவரெல்லாம் எழுதுவோம். 2022-இல் திண்டுக்கல்லிலே, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஆடை ஆலையையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் பாலியல் கொடுமைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்ததே! தனியொருத்தியால் ஆகாதது சங்கத்தால் ஆயிற்று.

இறுதியாக, இளைஞனே, உன்னிடம் ஒரு கேள்வி. அந்தப் பெண் மூன்றாண்டு உழைத்துச் சேர்க்க முயன்ற பணம் எதற்காக? வரதட்சணைக்காக! 1961-இலேயே சட்டம் தடுத்த வரதட்சணைக்காக! தரகரை ஏசுகிறாய், முதலாளியைச் சாடுகிறாய். நாளை உன் மணவறையிலே தட்டில் வரும் தங்கத்தைத் தொடுவாயானால், அந்த விடுதியின் சாவிகளில் ஒன்று உன் கையிலும் இருக்கிறது. அதை எறிந்துவிடு! பிறகு மேடையேறு. உன் சொல்லை ஊர் கேட்கும்.