பிஸ்கட் டின்னில் கிடந்த ஹஜ்ஜுப் பணம்

 

“நாளைக்கு அல்லாஹ் இருக்கிறான்” என்று நாம் சொல்லுகிறோம். சொல்லுவதில் பிழையில்லை. ஆனால் நோன்புப் பெருநாளுக்கு வேண்டிய சரக்கை மாத்திரம் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிடுகிறோம். கடைக்கு ஒரு கணக்கு, ஹஜ்ஜுக்கும் முதுமைக்கும் வேறொரு கணக்கா? இதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது நம்முடைய சோம்பலை மறைக்கத்தான்.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியாததல்ல. பஞ்சம் வந்த பிறகு களஞ்சியம் கட்டவில்லை. விளைந்த ஏழு ஆண்டுகளிலேயே, உண்ணுவதற்கு வேண்டியது போக மிச்சத்தைக் கதிரோடு வைக்கச் சொன்னார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக ஹதீஸில் வருகிறது. அவர்களைவிடவா நமக்குத் தவக்குல் அதிகம்?

எங்கள் அத்தா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்களே, அங்கே ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். ஹஜ்ஜுக்கென்று ஒரு பிஸ்கட் டின்னில் வெள்ளி போட்டு வந்தார்கள். பேங்கு என்றாலே வட்டி என்று அஞ்சினார்கள். தாபோங் ஹாஜி மலாய்க்காரர்களுக்குரியது, நமக்கல்ல என்றும் எண்ணியிருந்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் லயத்தைக் காலி செய்து திசைக்கொருவராய்ப் போனார்கள். பற்று நோட்டில் நின்ற கடனும் அவர்களோடு போயிற்று. மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை அத்தா அந்த டின்னிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள். கடனைத் தீர்த்தது சரியே. ஆயினும் அறுபது வயதுக்கு மேல்தான் ஹஜ்ஜுக்குப் பதிந்தார்கள். முறை வருமுன் மௌத்தாகிவிட்டார்கள். பிறகு அவர்களுக்காகப் பதல் ஹஜ்ஜு செய்வித்தோம். அல்லாஹ் கபூல் செய்வானாக. கஃபாவைக் கண்ணால் காணாமல் போனார்களே என்பது எங்கள் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல. கிராமத்து முஸ்லிம்கள் வட்டிக்கு அஞ்சிப் பணத்தைத் தலையணைக்கடியிலும் மூங்கிலுக்குள்ளும் மறைத்து வைப்பதையும், நிலத்தையும் எருமையையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பி வந்து ஏழையாய் நிற்பதையும் பேராசிரியர் உங்கு அஸீஸ் கண்டார். வட்டியில்லாத சேமிப்புக்கு 1959ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதன்படி எழுந்த கழகம் 1963 செப்டம்பர் 30ல் வேலை தொடங்கிற்று. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 1,281 பேர்தாம். 1969ல் ஹஜ்ஜு விவகார அலுவலகத்தோடு இணைந்து இன்றைய தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. மலேசியக் குடியுரிமையுள்ள எந்த முஸ்லிமும் அதில் சேரலாம், மலாய்க்காரராயிருக்க வேண்டுமென்பதில்லை. பச்சைக் குழந்தைக்கும் கணக்குத் திறக்கலாம்.

டின்னில் கிடக்கும் பணத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. நிஸாபை எட்டி ஓராண்டு கிடந்தால் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்து. அநாதைகளின் பொருளை வியாபாரத்தில் இடுங்கள், இல்லாவிட்டால் ஜகாத்தே அதைத் தின்றுவிடும் என்ற கருத்தை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக வருகிறது. நம் பிள்ளைகளின் பணத்துக்கும் அது பொருந்துமல்லவா? தாபோங் ஹாஜியோ முதலீடு செய்து, ஜகாத்தைக் கழித்த பிறகே லாபத்தைப் பங்கிடுகிறது.

அங்கே எல்லாம் குறையற்றதென்று சொல்ல வரவில்லை. 2018ல் கணக்கு ஆட்டங்கண்டு, அவ்வாண்டுக்கு 1.25 விழுக்காடுதான் கொடுத்தார்கள். அரசாங்கம் சட்டப்படி பொறுப்பேற்றிருப்பதால் போட்ட முதலுக்குப் பங்கமில்லை. வியாபாரிக்கு லாபம் குறைந்த ஆண்டு புதிதா என்ன?

இனிக் கணக்குக்கு வருவோம். 2024ல் ஒரு ஹாஜிக்கு ஆன முழுச் செலவு 33,300 வெள்ளி. லாபத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இருபத்தைந்து ஆண்டில் சேர்க்க மாதம் 111 வெள்ளி போதும். நாளைக்கு நாலு வெள்ளிகூட இல்லை. ஐந்தே ஆண்டில் சேர்க்க வேண்டுமானால் மாதம் 555 வெள்ளி வேண்டும். தொகை ஒன்றுதான், தாமதத்தின் விலை இது. காசு மாத்திரமா? கணக்கில் 1,300 வெள்ளி சேர்ந்தால்தான் பதிய முடியும்; வரிசையோ நூறாண்டையும் தாண்டி நீண்டு கிடக்கிறது. நாற்பதில் பதிந்தவனுக்கு முன்னால் அவனுடைய பக்கத்துக் கடைக்காரரின் பேரப்பிள்ளை நிற்கிறது!

முதுமைக்கும் இதே கணக்குத்தான். 1951ல் வந்த தொழிலாளர் சேமநிதி கூலிக்காரருக்குரியதென்று நாம் ஒதுங்கியிருந்தோம். இன்று ஐ-சாரான் வழியாகச் சொந்தத் தொழில் செய்வோரும் அதில் போடலாம். அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. 2017 முதல் ஷரீஅத் முறைப்படியான சேமிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். கடைப் பையன்களுக்கு நாம் கட்ட வேண்டிய பங்கைத் தருமமென்று எண்ணிவிட வேண்டாம். அது அவர்களுடைய ஹக்கு. கூட்டு பிடித்துச் சேர்க்கிறோம் என்பாரும் நம்மில் இருக்கிறார்கள். அதை 1971லேயே சட்டம் தடுத்துவிட்டது; நடத்துகிறவர் ஓடினால் யாரிடம் போய் முறையிடுவது?

அந்த டின் இன்றும் எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இப்போது பிள்ளைகளின் தாபோங் ஹாஜிக் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கிறோம். கடைசிப் பெண்ணுக்குப் போன மாதம்தான் 1,300 சேர்ந்தது, பதிந்துவிட்டோம்.